தபோதையில் யாருடைய முறை

டிசம்பர் மாதத்து ராஜ்கிரில் விடிகாலை ஐந்தரை மணிக்கு எதிரே வருபவரின் முகம் தெரியாது. பனிமூட்டம் அப்படி. அந்தப் புகைக்குள் இன்னொரு புகையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்த திசையில் நாங்கள் மூவரும் படியேறினோம். நானும், வரலாற்றுத் துறையில் பணியாற்றும் தோழியும், என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவியும். மாற்றுத்துணிப் பையும் துண்டும் ஆளுக்கொன்று. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் அந்நேரத்துக்கே கூட்டம். நாங்கள் படிக்கட்டின் ஓரமாக உட்கார்ந்து எங்கள் முறைக்குக் காத்திருந்தோம்.

பீகாரில் எனக்கு உறவினர் யாருமில்லை. என்னை அங்கே இழுத்துப்போனது குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பள்ளியிலேயே பெயரை மனப்பாடம் செய்துவிடுகிறோம். கையில் கிடைப்பதோ பத்தொன்பது பாடல்கள்தான். தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லத் திட்டமிட்ட கணவனை முந்திக்கொண்டு தள்ளிவிட்ட வணிகர் மகளின் கதையை நீலகேசியின் உரையிலிருந்தும் பாலி நூல்களிலிருந்தும் சேர்த்துத்தான் வகுப்பில் சொல்கிறோம். பாலி மரபின்படி அவளது ஊர் ராஜகிருகம், இன்றைய ராஜ்கிர். ஐந்து மலைகள் சூழ்ந்த மகத நாட்டுத் தலைநகர். இருபது ஆண்டுகளாக அவளைப் பாடம் நடத்துகிறேன், அவள் ஊரின் மலையைப் பார்த்ததில்லை என்ற வெட்கம்தான் பயணத்துக்குக் காரணம். வெந்நீர் ஊற்று என் திட்டத்தில் கடைசி வரியாக இருந்தது. போய்ச் சேர்ந்தபின் அதுவே முதல் வரியாகிவிட்டது.

வைபார மலையின் அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊற்றுகளுக்குப் பாலியில் தபோதா என்று பெயர். வினயபிடகத்தில் இதைப் பற்றி ஒரு கதை வருகிறது. மன்னன் பிம்பிசாரன் தலை முழுக இங்கே வருகிறான். பிக்குகள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறான். அவர்களோ இருட்டும்வரை குளிக்கிறார்கள். மன்னன் குளித்துத் திரும்பும்போது கோட்டைக் கதவு சாத்தியாகிவிட்டது. தன் சொந்தத் தலைநகரின் வாசலுக்கு வெளியே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் புத்தரிடம் போகிறான். விஷயத்தைக் கேட்ட புத்தர், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் குளிக்க வேண்டும் என்று பிக்குகளுக்கு விதி செய்கிறார். பிறகு வெயில் காலம், நோய், வேலை, பயணம், புழுதிக்காற்று என்று விலக்குகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன.

பொதுநீரில் அளவோடு குளி, பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதை இத்தனை தெளிவாகச் சொல்லும் பழைய ஆவணம் வேறொன்றை நான் படித்ததில்லை. ஆனாலும் கதையைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொரு கேள்வி வந்தது. குளித்தவர்கள் பிக்குகள், காத்திருந்தவன் மன்னன். அந்த ஊர்ப் பெண்கள் எந்நேரத்தில் குளித்தார்கள்? கதையில் அதற்கு இடமில்லை.

தபோதையில் தனியாகக் குளித்த ஓர் ஆணின் கதையும் உண்டு. சமித்தி என்ற பிக்கு விடியுமுன் எழுந்து இந்த ஊற்றுக்கு வருகிறார். குளித்துக் கரையேறி, ஒற்றை ஆடையோடு உடல் உலர நிற்கிறார். அப்போது ஒரு தேவதை தோன்றி, இளமையிலேயே துறவு எதற்கு, இன்பங்களை அனுபவியேன் என்று பேச்சுக் கொடுக்கிறது. சம்யுத்த நிகாயத்தில் வரும் இந்த உரையாடல் அழகானது. இருட்டு, தனிமை, ஈர உடம்பு. இத்தனையும் இருந்தும் அந்தப் பக்கங்களில் பயம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. சமித்திக்கு நேரக்கூடிய அதிகபட்ச ஆபத்து சபலம்தான்.

அதே வினயத்தில் பிக்குணிகளின் பயணங்களைப் படித்தால் காற்றே மாறிவிடும். இரண்டு பிக்குணிகள் சாகேதத்திலிருந்து சிராவஸ்திக்குப் போகிறார்கள். வழியில் ஆறு. இருவரையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது என்கிறார்கள் ஓடக்காரர்கள். ஒருத்தி அக்கரையிலும் மற்றவள் இக்கரையிலுமாகத் தனித்துவிடப்பட்டு, இருவரும் வன்புணரப்படுகிறார்கள். விளைவு, பிக்குணி தனியாக ஆறு கடக்கக் கூடாது என்று விதி. இன்னொருத்தி கூட்டமாகப் போகும்போது மலம் கழிக்கப் பின்தங்குகிறாள். தனியே வந்தவளை ஆண்கள் கெடுக்கிறார்கள். விளைவு, கூட்டத்தைவிட்டுப் பின்தங்கக் கூடாது என்று விதி. தனியே ஊருக்குள் போகக் கூடாது, இரவில் தனித்திருக்கக் கூடாது, அச்சம் நிறைந்த பகுதிகளில் வணிகக் கூட்டத் துணையின்றி நடக்கக் கூடாது. ஒவ்வொரு விதியின் அடியிலும் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை இருக்கிறது. விதி மட்டும் அவளுடைய கூட்டாளிகளின் காலைக் கட்டுகிறது. ஓடக்காரனுக்கு விதி செய்யும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை என்று என் தோழி எடுத்துச் சொன்னாள். உண்மைதான். துறவிகளுக்குத்தான் அவர்கள் சட்டம் எழுத முடியும். அந்த அதிகாரம் இருந்த அரசர்கள் ஆற்றுத்துறையில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வரலாற்று ஆசிரியை சிரித்தாள்.

மலம் கழிக்கப் பின்தங்கியவளை நான் மறக்கவே முடியாததற்குக் காரணம் எங்கள் பயணமே. பாட்னாவிலிருந்து ராஜ்கிர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நாங்கள் பேருந்தில் வந்தோம். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று தோழி காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்வதுதான், பேருந்துப் பயணம் என்றாலே வாயைக் கட்டிவிடுவோம். மாலையில் வந்து சேர்ந்தவள் இரவும் சரியாகக் குடிக்கவில்லை. மறுநாள் வெறும் வயிற்றில், இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிரம்மகுண்டத்துச் சூட்டில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தாள். கால் மணிநேரம் சுகமாக இருந்தது என்றாள். எழுந்து இரண்டு படி ஏறியதும் கண் இருட்டிச் சரிந்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பீகார்ப் பெண்கள் தாங்கிப் பிடித்திராவிட்டால் கல்படியில் தலை மோதியிருக்கும்.

பிரம்மகுண்டத்தின் நீர் ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ். நம் உடலின் சூடு 37. அந்த எட்டுப் பாகைக்குள்தான் விஷயம் இருக்கிறது. சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. வியர்வை தண்ணீருக்குள்ளேயே போவதால் வியர்ப்பதே தெரிவதில்லை. சட்டென்று எழுந்தால் தலைக்கு இரத்தம் எட்டுவதில்லை. ஆகவே முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடித்திருக்க வேண்டும். முதலில் காலை நனைத்து, சொம்பால் மேலே ஊற்றிப் பழக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பத்து நிமிடம் தாராளம். எழும்போது படியில் கொஞ்சம் உட்கார்ந்து எழ வேண்டும். கர்ப்பிணிகள் இத்தனை சூட்டில் மூழ்கக் கூடாது. இதய நோயும் அழுத்தக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தலையை அமிழ்த்தி மூக்கில் நீர் ஏற விடவும் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. கேரளத்து மரணச் செய்திகளைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூன்று முழுக்குப் போட்டால்தான் புண்ணியம் என்று படியில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். நான் தோளோடு நிறுத்திக்கொண்டேன்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. பெண்ணே ஜாக்கிரதை என்று விதி எழுதுபவர்களின் வரிசையில் நானும் போய் நிற்கிறேனோ? நீரின் சூட்டுக்கு எதிரான எச்சரிக்கை ஒரு வகை, அது ஆண் பெண் பார்க்காது. ஓடக்காரனுக்கு எதிரான எச்சரிக்கை வேறு வகை. வழியில் ஓர் ஊரின் விடுதியில் எங்கள் மூவரின் அடையாள அட்டைகளையும் வாங்கிவைத்துக்கொண்டு, "கூட ஆண்கள் யாரும் இல்லையா?" என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்றாவது முறை தோழி, "கட்டாயம் வேண்டுமென்றால் ஒருவரை வாடகைக்குத் தருவீர்களா?" என்று இந்தியில் கேட்டதும் சாவி வந்தது. இந்த இரண்டாம் வகைக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். முன்பதிவின்போதே மூன்று பெண்கள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்காலப் பனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ஆகவே நள்ளிரவில் போய் இறங்கும்படி பயணச்சீட்டு எடுக்காதீர்கள். போகும் இடத்தை ஊரிலிருக்கும் ஒருவருக்குத் தினமும் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் ஏதாவது நடந்தால் அது உங்கள் தவறில்லை என்பதையும் இதே பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மணிமேகலைக்கு இந்தத் தொல்லை தெரிந்திருந்தது. இளம்பெண் என்றால் சமயவாதிகள் பொருள் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் தெய்வம் அவளுக்கு வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைத் தருகிறது. வஞ்சியில் அவள் ஆண் தவசியாகப் போய்த்தான் கேட்கிறாள். குண்டலகேசிக்கு அந்த மந்திரமும் கிடைக்கவில்லை. கணவனைத் தள்ளியபின் வீடு திரும்ப முடியாத அவள் சமணத் துறவியாகிறாள். பிடுங்கப்பட்ட முடி சுருண்டு சுருண்டு வளர்ந்ததால் வந்த பெயர்தான் குண்டலகேசி. ஊர் வாசல்தோறும் மணலில் நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு தன்னந்தனியாக அலைகிறாள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்துக்கு வருகிறாள். தேரிகாதையில் அவள் பெயரால் உள்ள பாடல்களின்படி அங்கம், மகதம், வஜ்ஜி, காசி, கோசலம் என ஐந்து நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் திரிந்திருக்கிறாள். தனியே போகாதே என்ற விதிகளும் இவளது ஐம்பது ஆண்டுகளும் ஒரே மரபின் ஏடுகளில்தான் இருக்கின்றன. விதியை மட்டும் படித்தால் அந்தக் காலத்துப் பெண்கள் வெளியே வரவே இல்லை என்று தோன்றிவிடும். அவர்கள் வந்துகொண்டே இருந்ததால்தான் இத்தனை விதிகள் தேவைப்பட்டன என்று நான் நினைக்கிறேன்.

உடுத்திக்கொண்டு குளிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிராவஸ்தியில் அசிரவதி ஆற்றில் பிக்குணிகளும் கணிகையரும் ஒரே துறையில் ஆடையின்றிக் குளிக்கிறார்கள். இளமையை வீணாக்குகிறீர்களே, கிழவியானபின் துறவு கொள்ளலாமே என்று கணிகையர் கேலி செய்கிறார்கள். பிக்குணிகள் கூனிப்போகிறார்கள். செல்வச் சீமாட்டி விசாகை புத்தரிடம் எட்டு வரங்கள் கேட்டபோது, பிக்குணிகளுக்கு ஆயுள் முழுதும் குளியல் துணி கொடுக்கும் உரிமையை அதில் ஒன்றாக வைத்தாள். பின்னால் அந்தத் துணிக்கு நான்கு சாண் நீளம், இரண்டு சாண் அகலம் என்று அளவும் வந்தது. பெண்ணின் நிர்வாணம் அசுத்தம் என்று விசாகை சொன்ன காரணம் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் துணியில்லாமல் கூசி நின்றவர்களுக்குத் துணி வாங்கிக் கொடுத்தவள் அவள்.

நாங்கள் அடர்நிறப் பருத்திச் சுடிதாரில் குளித்தோம். நனைந்தால் ஒட்டாத, நீரில் ஊதி மிதக்காத துணி. அந்த ஊர்ப் பெண்கள் சேலையோடு இறங்கி, சேலையோடு எழுந்து, ஈரச்சேலைக்குள்ளேயே உலர்ந்ததை மாற்றும் வித்தை தெரிந்தவர்கள். இரண்டாம் நாள் மேல்படியில் நின்ற இளைஞன் ஒருவனின் கைபேசி எங்கள் பக்கம் திரும்பியிருந்ததை முதலில் பார்த்தது அவர்களில் ஒரு பாட்டிதான். அவர் போட்ட சத்தத்தில் அவன் படம் எடுத்தானா இல்லையா என்று தெரிவதற்குள் ஆளையே காணோம். அசிரவதிக் கணிகையரின் கேலி கரையோடு போயிற்று. இவன் எடுத்திருந்தால் அது எந்தெந்தக் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் அன்று குளிக்காமலே திரும்பினேன். இன்றுவரை அதற்காக என்மீது எனக்குக் கோபம் இருக்கிறது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊற்று இரண்டு பெருநரகங்களுக்கு நடுவே பாய்ந்து வருவதால் கொதிக்கிறது என்கிறது வினயம். புவியியலார் சொல்வது, மலையில் பெய்யும் மழை பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, வேறு பிளவு வழியே மேலே வருகிறது. எரிமலை ஏதும் அடியில் இல்லை. அதாவது ஊற்றுக்கு வரவு மழையும் நிலத்தடி நீரும்தான். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், முன்பு ஐந்நூறு ஊற்றுகள் இருந்தனவாம், இப்போது சில பத்துகளே என்று எழுதிவைத்தார். இன்று பிரம்மகுண்டம், சப்ததாரா, சூரியகுண்டம், மக்தூம் குண்டம் என்று பெயர்களை எண்ணிவிடலாம். விடுதிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகப் பெருக ஊற்றின் வரத்து குறைகிறது என்று செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை மலமாத மேளாவில் சேரும் கூட்டத்தையும் இதே ஊற்றுகள்தான் தாங்க வேண்டும். படிகளில் சோப்பு உறைகளும் ஷாம்பூ பாக்கெட்டுகளும் கிடந்தன. புண்ணியத்துக்காக விட்டுப்போன பழைய துணிகளும் கிடந்தன. வெந்நீருக்கு அழுக்குப் போக்க சோப்பு தேவையில்லை. விடுதிக் குழாயிலும் அதே நிலத்தடி நீர்தான் வருகிறது என்பதால் அறையில் மறுபடி ஒரு வாளி வெந்நீர் கேட்பதையும் விட்டுவிடலாம். பிம்பிசாரனை வெளியே படுக்க வைத்த பிக்குகளைவிட நாம் நாகரிகமானவர்கள் என்று அந்தப் படியில் நின்று என்னால் நினைக்க முடியவில்லை.

குண்டங்களுக்கு மேலேயே வைபார மலையின் படிகள் தொடங்குகின்றன. பிப்பலா கல்வீட்டைக் கடந்து ஏறினால் சப்தபர்ணி குகை. பாதையின் பல இடங்களில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் ஏறியபின், வேறு குடும்பம் ஒன்று ஏறும்போது அதன் பின்னால் சேர்ந்துகொண்டோம். துணை வணிகக் கூட்டம்! புத்தர் இறந்தபின் முதல் சங்கம் கூடியது இங்கேதான் என்பது மரபு. மகாகாசியபர் தலைமையில் ஐந்நூறு பிக்குகள். பிக்குணி ஒருத்திகூட இல்லை. தம்மமும் வினயமும் ஓதி முடிந்தபின் ஆனந்தர்மீது குற்றங்கள் வாசிக்கப்பட்டன. பெண்கள் துறவுக்கு வர அவர் வாதாடியது ஒரு குற்றம். புத்தரின் உடலைப் பெண்கள் முதலில் வணங்க விட்டு, அவர்கள் கண்ணீர் உடல்மேல் விழச் செய்தது ஒரு குற்றம். இன்னொன்றும் உண்டு. சிறு விதிகளை வேண்டுமானால் நீக்கிக்கொள்ளலாம் என்று புத்தர் சொன்னபோது, எவை சிறு விதிகள் என்று அவர் கேட்டுவைக்கவில்லை. எவை என்று தெரியாததால் ஒன்றையும் நீக்க வேண்டாம் என்று சங்கம் முடிவு செய்தது. பதினைந்து நாள் குளியலும் நின்றது, ஆறு கடக்காதே என்பதும் நின்றது. எது சிறியது என்று அந்தக் குகையில் ஒரு பிக்குணியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று வாசலில் உட்கார்ந்து மூவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆனந்தர், இவற்றில் குற்றம் எதையும் நான் காணவில்லை, உங்கள்மீதுள்ள மதிப்பால் ஒப்புக்கொள்கிறேன் என்றாராம். துறைக்கூட்டங்களில் நான் எத்தனையோ முறை இதே தொனியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் விடிகாலையில் மாணவி அறைவாசலில் தயங்கி நின்றாள். "அம்மா, எனக்குத் தேதி வந்துடுச்சு. நான் இறங்கலாமா?"

பிரம்மகுண்டத்தை ஒட்டிக் கோயில் இருக்கிறது. எனக்குள் முதலில் பேசியது என் அம்மாவின் குரல். அதை அடக்கிக்கொண்டு யோசித்தேன். வினயத்தில் மாதவிலக்குக்காகப் பிக்குணிகளுக்குப் பொதுவாக ஒரு துணி இருந்தது. துல்லநந்தா என்ற பிக்குணி அதை விடாமல் தானே வைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான்காம் நாள் துவைத்து அடுத்தவளுக்குக் கொடு என்று விதி வந்தது. தீட்டு என்ற பேச்சை அங்கே நான் காணவில்லை. அடுத்தவளுக்கு வேண்டும் என்பதுதான் காரணம். இதை அவளிடம் சொன்னேன். அவள் மாதவிடாய்க் கிண்ணம் பயன்படுத்துபவள். புண்ணும் வயிற்றுப்போக்கும் உள்ளவர்கள்தான் பொதுத் தொட்டியில் இறங்கக் கூடாது, உனக்கு ஒன்றுமில்லை என்றாள் தோழி. தொட்டிக்கே போக வேண்டாம், சப்ததாராவில் கல் வாய்களிலிருந்து நீர் விழுந்து ஓடிவிடுகிறது, அதன் கீழே உட்காரலாம் என்றேன் நான். கடைசியில் பார்த்தால் நானும் ஒரு சமரச விதியைத்தான் செய்திருந்தேன். அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்துக்கொண்டாள்.

கைபேசிக்காரனை விரட்டிய பாட்டி அன்றும் அங்கே இருந்தார். இரண்டு கல் வாய்களுக்கு நடுவே சம்மணமிட்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். மாணவி ஓரமாக நின்றாள். பாட்டி திரும்பிப் பார்த்து, இடுப்பை நகர்த்தி ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு, பக்கத்துக் கல்லைக் கையால் தட்டினார். தோழி போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டி, "முதல்ல ரெண்டு வாய் தண்ணி குடி" என்றாள்.